நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அதிகாரமும் கடமையும்

(சேந்தமங்கலத்தில் கூடிய நமது சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒரு ராஜ்யத்தில் நுகர்வோரைப் பாதுகாக்கும் இலாகாவுக்குத் தலைவராயிருக்கும் அதிகாரியின் அதிகாரங்களும் கடமைகளும் யாவை என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, விவாகம், உபகாரச் சம்பளம் முதலியவற்றையே கேட்டுப் பழகிய இச்சபைக்கு இது புதிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் இங்கே வீற்றிருப்போரில் பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள், மில் நடத்துபவர்கள், அல்லது கிழங்கு பயிரிடுபவர்கள். கடைக்குச் சென்று சாமான் வாங்காதவரோ இச்சபையில் ஒருவரும் இலர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் வாழும் சமூகம் நம்முடையது. அதனாலேயே இவ்விஷயம் நமக்குச் சிறிது சங்கடமானது. அதனாலேயே பேசத் தக்கதுமாம்.

முதலில் நுகர்வோர் என்பவர் யார் என்று தெரிந்து கொள்ளுதல் நலம். விலை கொடுத்து ஒரு பொருளையோ ஊழியத்தையோ தம் சொந்த உபயோகத்துக்காகப் பெறுபவரையே சட்டம் நுகர்வோர் என்கிறது. திரும்ப விற்பதற்காகக் கொள்முதல் செய்யும் வியாபாரி அவ்வகையில் சேரார். ஆனால் தாமே உழைத்து வயிறு வளர்ப்பதற்காகத் தையல் யந்திரம் வாங்கும் தையற்காரர் சேருவார். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. அதே விவசாயி, விளைந்த கிழங்கை மில்லுக்கு விற்கும்போது நுகர்வோர் அல்லர். இந்த வேறுபாட்டை மறவாதிருக்கும்படி வேண்டுகிறேன்; பின்னே இதனால் வரும் சிக்கல் ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

சந்தையைக் கண்காணிக்க அதிகாரி ஒருவரை நியமிப்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இவ்வேலைக்கு மூவர் தனித்தனியே கூறப்பட்டுள்ளனர். சர்க்கார் சரக்கையும் விலையையும் கவனிப்பவன் பண்யாத்தியக்ஷன். நிறையையும் அளவையும் கவனிப்பவன் பௌதவாத்தியக்ஷன். கடைவீதியில் நடக்கும் மோசங்களைக் கவனிப்பவன் சம்ஸ்தாத்தியக்ஷன். படிக்கற்களுக்கு நான்கு மாதத்துக்கொரு முறை முத்திரை இட வேண்டும் என்றும், உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, அந்நிய தேசத்துச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என லாபம் வரையறுக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. நம் நாட்டிலும் ராஜராஜ சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களில், 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் நெல் அளக்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. அளவைக்குப் பெயர் இட்டுக் கல்லில் வெட்டி வைத்ததன் காரணம், அளப்பவன் கையை நம்பி மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே.

நிற்க. அந்நிய தேசங்களில் இக்காலத்து ஏற்பாடு எப்படி எனின், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962-ஆம் வருஷம் மார்ச் மாதம் 15-ஆம் தேதி தம் காங்கிரஸ் சபைக்கு விடுத்த செய்தியில், வாங்குவோருக்கு நான்கு உரிமைகள் உண்டென்றார். ஆபத்தில்லாத பொருளைப் பெறுதல், உண்மையை அறிதல், பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல், தம் குறையைக் கேட்கச் செய்தல் என்பன அவை. 1969-இல் நியூயார்க் நகரம் இதற்கென ஓர் இலாகாவை ஏற்படுத்தி, பெஸ் மையர்சன் என்னும் மாதரசியை அதன் தலைவராக்கிற்று. (அவர் 1945-இல் அந்நாட்டு அழகிப் போட்டியில் முடி சூடியவர் என்பது வேறு விஷயம்.) அந்நாட்டு ராஜ்யங்கள் பலவற்றில் பிராது வாங்குவது, சாட்சிகளை அழைப்பது, மோசமான வியாபாரத்தை நிறுத்தச் சொல்வது, அபராதம் கோரி வழக்கிடுவது ஆகிய யாவும் ஒரே அதிகாரியிடத்தில் வந்து கூடும். இலங்கையில் 2003-ஆம் வருஷத்து 9-ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை என்ற ஒன்று ஏற்பட்டது. அரிசி முதலிய பொருள்களுக்கு இதற்குமேல் விற்கக் கூடாது என்று உச்ச விலையை வர்த்தமானியில் பிரசுரிக்கும் வல்லமை அதற்குண்டு.

நம் ராஜ்யத்தில் அத்தகைய அதிகாரி யார்? கேட்டவுடன், சென்னைச் சேப்பாக்கம் எழிலகத்திலிருக்கும் உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையாளர் என்று பதில் வரும். பெயரளவில் இது சரி. ஆனால் பெயரின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் அதிகாரத்தில் மிகுந்த ஏற்றத் தாழ்வு உண்டு. அதை அறியாமலே அநேகர் தவறான வாயிலில் போய் நின்று, 'சர்க்காரில் கேள்வி முறை இல்லை' என்று சலித்துத் திரும்புகின்றனர்.

இந்த இலாகா யுத்தத்தில் பிறந்தது. 1939-இல் மூண்ட மகாயுத்தத்தில் அரிசிப் பஞ்சம் நேர்ந்தபோதுதான் பங்கீட்டு முறையும், அதை நடத்தும் சிவில் சப்ளை இலாகாவும் வந்தன. 1952-இல் ராஜாஜி அவர்கள் முதன் மந்திரியாயிருந்தபோது சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஆயினும் 1955-இல் இந்திய சர்க்கார் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தை இயற்றிற்று. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. ரேஷன் கடை நம் வாழ்வில் நிலைபெற்றுவிட்டது. 1986-ஆம் வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கெல்லாம் பிற்பட்டது. ஆகவே அந்த ஆணையாளர் முதலில் அரிசி அதிகாரி, அதன் பிறகே நுகர்வோர் அதிகாரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு மாதந்தோறும் அரிசி ஒழுங்காய்ச் சேருவதைவிடப் பெரிய நுகர்வோர் பாதுகாப்பு வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அரிசி விஷயத்தில் அவர் வல்லமை பெரிது. ஜில்லாக்களில் வழங்கல் அலுவலர்களும், தாலூகாக்களில் வட்ட வழங்கல் அலுவலர்களும் அவர் கீழ் வேலை செய்கின்றனர். குடும்ப அட்டை தருதல், கடைக்குச் சரக்கு ஒதுக்குதல், கடைகளைத் தணிக்கை செய்தல் எல்லாம் அவர் பொறுப்பு. ரேஷன் அரிசியைக் கடத்துபவர்மேல் 1955-ஆம் வருஷத்துச் சட்டம் பாயும். பிடிபட்ட அரிசியையும் அதை ஏற்றிவந்த வண்டியையும் பறிமுதல் செய்யக் கலெக்டருக்கு அதிகாரமுண்டு. கோர்ட்டில் குற்றம் ருசுவானால் 7 வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். அதே தொழிலாய்த் திரிபவரை 1980-ஆம் வருஷத்துக் கள்ளச் சந்தைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கவும் இடமுண்டு. அட்டையில் பெயர் விட்டுப்போயிற்று, எடை குறைகிறது, அரிசி நாறுகிறது, கடை திறப்பதில்லை என்னும் குறைகளுக்கெல்லாம் நம் சேந்தமங்கலம் தாலூகா ஆபீஸே முதல் வாயில். டெலிபோனில் சொல்வதானால் 1967 என்ற எண் உண்டு.

பெயரின் பிற்பாதியாகிய நுகர்வோர் பாதுகாப்பிலோ, அவருடைய வேலை பெரும்பாலும் போதிப்பதும் ஒன்றுசேர்ப்பதுமாம். பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களை நடத்துவிக்கிறார். பிராதுகளை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புகிறார். இவ்விலாகாவின் மந்திரியைத் தலைவராகக் கொண்ட ராஜ்ய நுகர்வோர் பாதுகாப்புக் குழு வருஷத்துக்கு இரண்டு முறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். அக்குழுவும் ஆலோசனை சொல்லுமே தவிர ஆணையிடாது. உடைந்த மிக்ஸியைத் திரும்ப வாங்கிக் கொண்டு பணத்தைக் கொடு என்று கடைக்காரருக்கு உத்தரவிட இந்த ஆணையாளரால் இயலாது. தராசைச் சோதிப்பதும், எண்ணெயில் கலப்படம் பார்ப்பதும், பொய் விளம்பரத்துக்கு அபராதம் போடுவதும் அவருடையன அல்ல.

பின்னே எவருடையன? இதை வெறும் இலாகாப் பெயர்களாக அடுக்கினால் மனத்தில் நில்லா. நம் கண் முன் நடக்கும் ஒரு காரியத்தை வைத்துச் சொல்கிறேன். கொல்லிமலை அடிவாரத்தில் நம்மவர் ஒருவர் காட்டில் மரவள்ளி பிடுங்கி லாரியில் ஏற்றுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அக்கிழங்கு சவ்வரிசியாகி ஒரு வீட்டு அடுப்பில் பாயசமாகும் வரை அதனோடு கூடவே நடந்து செல்வோம்.

முதலில் லாரி எடைமேடை ஏறுகிறது. அந்த எடைமேடைக்கும் கடையிலுள்ள மின்னணுத் தராசுக்கும் வருஷந்தோறும் சோதனை செய்து முத்திரை பெற வேண்டும். இரும்புப் படிக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கொரு முறை. இதைச் செய்பவர் 2009-ஆம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கும் முத்திரை ஆய்வாளர். நம் ராஜ்யத்தில் இவர் தொழிலாளர் இலாகாவைச் சேர்ந்தவர். எடை குறைந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்? பெட்ரோல் பங்கில் அளவில் சந்தேகம் வந்தால், 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டு என்று கேட்பதும் இச்சட்டம் தந்த உரிமையே. முன்னே சொன்ன சிக்கல் இங்கேதான் வருகிறது. கிழங்கை விற்பவர் நுகர்வோர் அல்லர் ஆகையால், எடையிலோ மாவுப் பாயிண்ட்டிலோ தாம் மோசம்போனதாக நுகர்வோர் கோர்ட்டில் அவர் முறையிட முடியாது. ஆனால் எடைச் சட்டம் வாங்குபவன், விற்பவன் என்று பார்ப்பதில்லை. முத்திரையற்ற எடைமேடையைப் பற்றி அவர் தாராளமாகப் பிராது கொடுக்கலாம். இதைச் செய்தவர் நம்மில் எத்தனை பேர்?

கிழங்கு மில்லுக்குள் நுழைந்ததும் வேறொரு அதிகாரியின் எல்லை தொடங்குகிறது. அவர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர். சவ்வரிசி பார்வைக்கு வெண்மையாயிருக்க வேண்டுமென்று இரசாயனம் சேர்ப்பதும், மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலப்பதும் நம் பக்கத்தில் நெடுநாளாய்ப் பேசப்பட்டு வரும் புகார்கள். சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மில்கள் சோதிக்கப்பட்டிருப்பதும் யாவரும் அறிந்ததே. அவ்வலுவலர் எடுக்கும் மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பங்கை, மில்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறொரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியாக வேண்டும். சர்க்கார் பரிசோதனைச் சாலை சேலத்திலேயே இருக்கிறது. தரம் குறைந்த உணவு என்று முடிவானால் 5 லக்ஷம் ரூபாய் வரை அபராதம். ராஜ்யத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கோ, பொது ஜன ஆரோக்கியத்தை முன்னிட்டு ஓர் உணவுப் பொருளை ஒரு வருஷம் வரை ராஜ்யம் முழுவதிலும் தடை செய்யும் வல்லமையும் உண்டு.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இச்சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொருளை வாங்கும்போதே, 'இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி நாமே பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். குற்றம் காணப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இவ்விதியைப் பெரும்பாலோர் அறியார்.

இனிச் சவ்வரிசி பாக்கெட்டாகிறது. பாக்கெட்டின்மேல் நிகர எடை, உச்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயரும் விலாசமும், மாதமும் வருஷமும் இருக்க வேண்டும். இதைப் பார்ப்பவர் மீண்டும் முத்திரை ஆய்வாளர். 'எங்கள் சவ்வரிசி இன்ன வியாதியைப் போக்கும்' என்று விளம்பரம் செய்தால் காரியம் டில்லிக்குப் போகிறது. 2019-ஆம் வருஷத்துப் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2020 ஜூலை மாதத்தில் அங்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்பட்டது. ஒருவருடைய பிராது இல்லாமலே தானாக விசாரணையைத் தொடங்கவும், ஆபத்தான பொருளை நாடெங்கிலுமிருந்து திரும்பப் பெறச் செய்யவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும், பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லக்ஷமும் மறுமுறை 50 லக்ஷமும் வரை அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரமுண்டு. பொருளைப் புகழ்ந்து நடிக்கும் பிரபலஸ்தரை ஒரு வருஷம் வரை விளம்பரத்தில் தோன்றாதபடி விலக்கவும் செய்யலாம். 2022 ஆகஸ்டில், விதித்த தரம் இல்லாத பிரஷர் குக்கர்கள் 2,265 விற்கப்பட்டமைக்காக அமேசான் கம்பெனிக்கு 1 லக்ஷம் ரூபாய் அபராதம் விதித்து, அவற்றை வாங்கியவர்களுக்கு அறிவித்துப் பணத்தைத் திருப்ப உத்தரவிட்டது. அக்கம்பெனி அதை எதிர்த்து டில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றது. எவ்வளவு பெரிய வியாபாரியும் பதில் சொல்லியாக வேண்டிய இடம் ஒன்று உண்டென்பது இதனால் விளங்கும்.

கடைசியில், பாக்கெட்டை வாங்கிய வீட்டுக்காரருக்குத் தம் நஷ்டத்தைப் பெற வேண்டுமானால், நாமக்கல்லிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், அஃதாவது ஜனங்கள் நுகர்வோர் கோர்ட்டு என்று வழங்கும் இடம், இருக்கிறது. கொடுத்த விலை 5 லக்ஷத்துக்கு உட்பட்டால் கட்டணமே இல்லை. 50 லக்ஷம் வரை அங்கேயே தீர்த்துக் கொள்ளலாம். குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம் என்பது 2019-ஆம் வருஷத்துச் சட்டம் தந்த சௌகரியம். ரசீது கேட்டு வாங்காதவருக்கு இவற்றால் பெரும் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்படியாக, மேனாட்டில் ஓர் அதிகாரியிடம் கூடியிருப்பது இங்கே ஐந்தாறு பேரிடம் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் தம் எல்லையில் வல்லவர். எல்லைக்கு அப்பால் ஒன்றும் செய்ய மாட்டாதவர். ஆனால் இத்தனை பேரையும் ஒரே மேசைக்கு முன் அழைக்கக் கூடியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் ஜில்லா கலெக்டர். 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அவருக்கு முன்னில்லாத ஓர் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஒருவருடைய தனிக் குறையாக அல்லாமல், நுகர்வோர் என்னும் வகுப்பார் முழுவதுக்கும் தீங்கு செய்யும் மோச வியாபாரமோ பொய் விளம்பரமோ தம் ஜில்லாவில் நடந்தால், பிராதின்பேரில் அவர் விசாரணை செய்து டில்லியிலுள்ள ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். 22-ஆம் பிரிவின்படி, புலன்விசாரணையின்போது தக்க காரணம் இருந்தால், கிடங்கில் நுழைந்து தேடவும், கணக்கையும் சரக்கையும் கைப்பற்றவும் செய்யலாம். அபராதம் விதிக்கும் அதிகாரம் மட்டும் அவருக்கில்லை, அது டில்லியினுடையது. ஜில்லா நுகர்வோர் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழுவும் வருஷத்துக்கு இரண்டு முறையேனும் கூட வேண்டும்.

பிராது கொடுக்க முத்திரைத்தாளோ வக்கீலோ வேண்டா. 17-ஆம் பிரிவு எழுத்து மூலம் அல்லது மின்னஞ்சல் மூலம் அனுப்பினால் போதும் என்கிறது. இங்கிருந்து நாமக்கல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1997-க்கு முன் கலெக்டரைக் காணச் சேலம் சென்ற சிரமமும் இப்போது இல்லை. திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். நம்முடையது போன்ற ஒரு சங்கத்துக்கு இந்தப் பிரிவே மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. ஒருவர் ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். ஐந்து ரூபாய் எடைக் குறைவுக்காக எவர் கோர்ட்டுக்குப் போவார்? அதே ஐந்து ரூபாய் ஆயிரம் வீட்டில் குறைந்தால், அதைச் சேர்த்து எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

வர்த்தகச் சகோதரர்கள் முகத்தில் இப்போது சிறிது கலக்கம் தோன்றுகிறது. அதிகாரிக்குக் கத்தியைக் கொடுத்த சட்டம் உறையையும் கொடுத்திருக்கிறது. பொருளைத் திரும்பப் பெறவோ விளம்பரத்தை நிறுத்தவோ உத்தரவிடுமுன் வியாபாரி சொல்வதைக் கேட்க வேண்டும். கைப்பற்றிய கணக்கையும் பொருளையும் 20 நாளில் திருப்பித் தர வேண்டும். டில்லி ஆணையத்தின் உத்தரவின்மேல் 30 நாளில் தேசிய நுகர்வோர் கமிஷனுக்கு அப்பீல் உண்டு. நியாயமான காரணம் இல்லையென்று தெரிந்தே சோதனையிடும் அதிகாரிக்கு ஒரு வருஷம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ 93-ஆம் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. உணவு மாதிரியின் அறிக்கை தவறென்று தோன்றினால் நியமன அலுவலரிடம் 30 நாளில் அப்பீல் செய்து, மேல் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லலாம். நேர்மையாய் வியாபாரம் செய்பவருக்கு இவ்வளவு காப்பு இருக்கிறது.

இவ்வளவும் சட்டத்தில் இருந்தும் அதிகாரியின் கை ஏன் தளர்கிறது? இனி நான் சொல்லப் போவது சிலருக்கு மனக்கசப்பை உண்டாக்கலாம், பெரியோர் பொறுத்தருள்க. லஞ்சம் ஒரு காரணம். ஆள் பற்றாக்குறை மற்றொன்று. மூன்றாவது காரணம் சிபார்சு. ஒரு கடையில் எடை குறைவென்றோ ஒரு மில்லில் மாதிரி எடுத்தார்கள் என்றோ கேள்விப்பட்ட அன்று மாலையே, அவர் எந்தச் சமூகத்தவரோ அந்தச் சமூகத்துச் சங்கத்தின் முக்கியஸ்தர் இருவர் வெள்ளை வேஷ்டியுடன் அதிகாரி வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். 'நம்ம பையன், இந்த ஒரு தடவை பார்த்துச் செய்யுங்கள்' என்கின்றனர். இது எல்லாச் சங்கங்களிலும் உள்ள வழக்கம். நம் சங்கத்துக்கும் இது தெரியாத வித்தையன்று. தலைவர்கள் இதைச் சமூக ஊழியம் என்றே மனப்பூர்வமாய் எண்ணுகின்றனர்.

அந்த ஊழியத்தால் நஷ்டப்படுபவர் யார் என்று பார்க்க வேண்டும். அந்தக் கடையில் சாமான் வாங்குவோரில் நம் வீட்டுப் பெண்கள் இல்லையா? மக்காச்சோள மாவு கலந்த சவ்வரிசி மலிவாய் வெளியே போகும்போது, கலப்பில்லாமல் ஆட்டும் பக்கத்து மில்காரர் போட்டியில் நிற்க முடியாமல் போகிறார், அவரும் நம்மவர்தாம். மில்லுக்கு வேண்டிய கிழங்கு குறைகிறது, கிழங்கு விலை இறங்குகிறது, காட்டுக்காரரும் நம்மவர்தாம். ஒரு நம்மவருக்காக மூன்று நம்மவரைக் கைவிடுவது என்ன கணக்கு? சேலம் சவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், ஆயிரக்கணக்கான குடும்பங்களும் இந்தப் பெயரை நம்பி இருக்கின்றன. அப்பெயரைக் காப்பாற்றுவது சிபார்சு செய்ய வருவோருக்குச் செவி கொடாத ஓர் அதிகாரியால்தான் ஆகும். அதிகாரியின் கடமைகளைச் சட்டப் புஸ்தகத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வரும். எனக்குத் தோன்றுவது, அவற்றில் முதலாவது இந்தச் செவிட்டுத்தனமே. அவரைச் செவிடராயிருக்க விடுவது நம் பங்கு.

அப்படியானால் பிடிபட்ட நம்மவரைச் சங்கம் அநாதையாய் விட்டுவிடுவதோ என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அவருக்கு வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்லலாம். நான்காவது பங்கைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். விசாரணைத் தேதியில் கணக்குப் புஸ்தகத்துடன் ஆஜராகத் துணை செய்யலாம். அப்பீல் கெடு தவறாமல் நினைவூட்டலாம். இவை யாவும் பகலில், ஆபீஸில், எழுத்து மூலம் செய்யும் உதவிகள். மாலையில் அதிகாரி வீட்டுத் திண்ணையில் செய்யும் உதவியைத்தான் நிறுத்த வேண்டுமென்கிறேன்.

ஆகவே இச்சபை முன் ஒரு தீர்மானத்தை வைக்க அநுமதி கோருகிறேன். சங்க அங்கத்தினரில் மூவர் கொண்ட ஒரு சிறு குழுவை நியமிக்க வேண்டும்; அதில் ஒருவரேனும் பெண்மணியாயிருக்க வேண்டும்; கடையோ மில்லோ உடையவர் ஒருவருக்கு மேல் இருத்தலாகாது. அங்கத்தினர் வீடுகளில் எடை, தரம், விலை, விளம்பரம் ஆகியவற்றில் நேரும் குறைகளை அக்குழு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதியுடனும் ரசீதுடனும் பதிய வேண்டும். தனிக் குறையானால் எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணையும் காட்டலாம். ஒரே விதக் குறை மூன்று வீடுகளில் காணப்பட்டால், கடைக்காரர் எந்தச் சமூகத்தவராயினும், நம் சமூகத்தவரேயாயினும், அடுத்த திங்கட்கிழமை கலெக்டருக்கு 17-ஆம் பிரிவின்படி எழுத வேண்டும். எழுதுமுன் அந்தக் கடைக்காரரை அழைத்து அவர் சமாதானத்தையும் கேட்டுப் பதிவது முறை. இவ்விஷயங்களில் சங்கத்தின் கடிதத் தாளில் எந்த அதிகாரிக்கும் சிபார்சுக் கடிதம் கொடுப்பதில்லை என்பதும் தீர்மானத்தின் ஒரு பகுதி. முதல் வேலையாக, கிழங்கு அறுவடை மும்முரமாகுமுன், நம் பக்கத்து எடைமேடைகளில் முத்திரைச் சான்று வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று அக்குழு பார்த்து வந்து, அடுத்த மாதக் கூட்டத்தில் தெரிவிக்கட்டும். அவ்வெடைமேடைகளில் சில நம் அங்கத்தினருக்குச் சொந்தமானவை என்பதை அறிந்தே இதைப் பிரேரேபிக்கிறேன். ஆமோதிப்பவர் யாரேனும் இருந்தால் எழுந்து சொல்லலாம்.